இந்த வருஷம் பாட்டு என் பொறுப்பு

நவம்பர் கடைசி வாரத்தில் பாரீஸிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். டிக்கெட் எடுத்தாயிற்று, டிசம்பர் 22 காலையில் சென்னையில் வந்து இறங்குகிறார்கள், மாப்பிள்ளைக்கும் லீவு கிடைத்துவிட்டது என்று எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கிற நேரத்தில் ஒன்று சொன்னாள்: "அப்பா, இந்த வருஷம் பாட்டு உங்க பொறுப்பு. போன தடவை ரெண்டு நாளும் குறை சொல்லிக்கிட்டே இருந்தீங்க இல்ல, இப்ப நீங்களே போடுங்க. ஆனா புதுசா இருக்கணும். அதே போனி எம் வேண்டாம்."

குறை சொன்னவன் மேசைக்கே கோப்பைத் தள்ளிவிடுவது அரசு அலுவலகத்தில் பழைய தந்திரம். நான் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன்! இப்போது எனக்கே வந்துவிட்டது. மறுக்க முடியவில்லை.

நான் குறை சொன்னது உண்மைதான். டிசம்பர் பிறந்ததும் நேரு வீதியில் ஒரு கடை விடாமல் ஆரம்பித்துவிடுகிறார்கள். துணிக்கடை, செருப்புக்கடை, கேக் கடை, எல்லா இடத்திலும் அதே பத்துப் பன்னிரண்டு பாட்டு. அவற்றின் வயதைக் கொஞ்சம் பாருங்கள். 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857-இல் வந்தது. அதில் சேசுநாதர் பெயரும் இல்லை, கிறிஸ்மஸ் என்ற வார்த்தையும் இல்லை. குதிரை வண்டியில் பனிமேல் சவாரி போகிற பாட்டு, அவ்வளவுதான். பிங் கிராஸ்பி பாடிய 'ஒயிட் கிறிஸ்மஸ்' 1942. அதை எழுதிய இர்விங் பெர்லின் ஒரு யூதர். போனி எம் கிறிஸ்மஸ் ஆல்பம் 1981. நம் ஊரில் டேப்ரிக்கார்டர் வைத்திருந்த எந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் அந்தக் கேசட் தேயத் தேய ஓடியிருக்கும். இளசுகள் 'புதுப்பாட்டு' என்று போடுகிற மரையா கேரி பாட்டுகூட 1994. அதற்கே முப்பது வயது தாண்டிவிட்டது. அந்தப் பாட்டுகள் மேல் எனக்கு விரோதம் இல்லை. காலை பத்து மணியிலிருந்து இரவு பத்து மணிவரை ஒரே பாட்டைக் கேட்டால் வானதூதர் பாடினாலும் காது புளித்துவிடும்.

சரி, புதுசு தேடுவோம் என்று போனை எடுத்தேன். 'புதிய கிறிஸ்மஸ் பாடல்கள்' என்று அடித்தால் கொட்டுகிறது. திறந்து பார்த்தால் பாதி, மேலே சொன்ன அதே பாட்டுகள், வேறு ஆள் குரலில். ஒன்றில் இரண்டு மணி நேரமும் அடுப்பில் விறகு எரிகிற படத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். தமிழில் வந்தவற்றுக்கும் ஒரு அச்சு இருக்கிறது. முன்னால் கீபோர்டு, பின்னால் ரிதம் பெட்டி, நடுவில் ஒருவர் வெள்ளைக் கோட்டோடு கையை விரித்துக்கொண்டு நிற்பார். பாட்டை மாற்றினாலும் மெட்டு மாறுவதில்லை. மூன்று நாள் கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வருஷம் வெளிவந்ததா என்பது கணக்கே இல்லை. எங்கள் வீட்டுக் காதுக்குப் புதிதா என்பதுதான் கணக்கு. 1690-இல் எழுதியதாக இருந்தாலும் நான் கேட்டதில்லை என்றால் எனக்கு அது புதுப்பாட்டு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பேரனுக்கு ஒன்பது வயது. பிரெஞ்சு மட்டும்தான். 'வா', 'போதும்', 'ஆயா' ஆகிய மூன்று தமிழ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறான். அவன் ஆயா, அதாவது என் மனைவி, வில்லியனூரில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அவளுக்குப் பிரெஞ்சில் 'பொன்ழூர்', 'மெர்சி' தவிர ஒன்றும் தெரியாது. போன தடவை இரண்டு பேரும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பத்து நாளும் சிரிப்பைத் தவிர வேறு பேச்சில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. மகளிடம் இதைச் சொல்லவில்லை.

முதலில் எனக்குத் தெரிந்த பக்கம் போனேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் டிசம்பர் வந்தால் மதாம் எங்களை வரிசையில் நிற்கவைத்து நொவேல் பாட்டு சொல்லித் தருவார். தினோ ரொஸ்ஸி பாடிய 'பெத்தி பாப்பா நொவேல்' எல்லோருக்கும் மனப்பாடம். 1946-இல் ஒரு சினிமாவுக்காக அவர் பாடியது. அதில் பனி கொட்டும். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அர்த்தம் சொன்னேன். 'பனியில் தாத்தா வருகிறார்' என்றேன். நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தானே. அம்மா மார்கழிப் பனி என்றே நினைத்துவிட்டார். "அந்தப் பெரியவரு தலையில ஒரு துண்டு கட்டிக்கக் கூடாதா, சளி புடிக்குமே" என்றார். அவர் போய் நாற்பது வருஷம் ஆகிறது. அந்தப் பாட்டைக் கேட்டால் இன்னும் எனக்குத் தலைப்பாகை கட்டிய கிறிஸ்மஸ் தாத்தாதான் தெரிகிறார்.

அடுத்து 'மினுயி கிரெத்தியேன்'. நடுச்சாமப் பூசையில் ஒற்றைக் குரலில் ஒருவர் அதை எடுத்தால் கோயிலே அடங்கிவிடும். எழுதியவர் பிளாசிது கப்போ, ரொக்மோர் என்ற ஊரில் ஒயின் வியாபாரி. மெட்டமைத்தவர் அதோல்ஃப் அதாம், 'ழிசேல்' என்ற பாலே நாடகத்துக்கு இசையமைத்தவர். 1847 கிறிஸ்மஸுக்கு அந்த ஊர்க் கோயிலிலேயே முதலில் பாடினார்கள். ஆங்கிலத்தில் 'ஓ ஹோலி நைட்' என்று உலகம் பூராவும் பாடுவது இதைத்தான். ஆனால் பிரான்ஸிலேயே பிற்பாடு சில மறைமாவட்டங்கள், எழுதியவரின் போக்கு சரியில்லை, மெட்டு மேடைநாடகம் மாதிரி இருக்கிறது என்று கோயிலில் பாட வேண்டாம் என ஒதுக்கின. இது எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. படித்தபோது சிரித்தேன். அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பாட்டு முடிந்ததும் போன் தானாகவே அடுத்ததைப் போட்டது. புல்லாங்குழல்களும் வயலின்களும் துள்ளலாக வந்தன. ஏதோ நடனத்துக்கு வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு குரல்கள் சேர்ந்தன. அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியோடு வெளியே வந்தாள்.

"என்னங்க, இது கீரியே இல்ல?"

கீரியேதான். மார்க் அந்துவான் சார்பாந்தியே 1690களில் நடுச்சாமப் பூசைக்கென்று எழுதியது. இவளுக்கு எப்படித் தெரிந்தது? 1960களின் நடுவில்தானே நமக்குத் தமிழில் பூசை வந்தது. அதுவரை வில்லியனூரில் பாவாடை சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாமல் கீரியேவும் குளோரியாவும் பாடியிருக்கிறாள். கீரியே லத்தீன்கூட இல்லை, கிரேக்கம். அறுபது வருஷம் கழித்து, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, கூடப் பாடினாள். மெட்டு வேறு, அவள் பழைய மெட்டில் பாடினாள், பாரீஸ்காரர்கள் அவர்கள் மெட்டில் பாடினார்கள். வார்த்தை மட்டும் ஒன்று.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் பாடிய வானதூதர் பாட்டில் 'குளோரியா' என்ற ஒரு சொல்லை நீட்டி நீட்டி, மலை ஏறி இறங்குவது மாதிரி பாடுவோம். அது பேரனுக்குத் தெரியும், அவன் பள்ளியிலும் பாடுகிறார்கள். ஆயாவுக்கும் குளோரியா தெரியும். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு சொல். பட்டியலில் முதலில் அதைப் போட்டேன்.

சார்பாந்தியேயைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். பிரெஞ்சு ஜனங்கள் தெருவிலும் வீட்டிலும் கிறிஸ்மஸுக்குப் பாடிக்கொண்டிருந்த நாட்டு மெட்டுகளை எடுத்து, அவற்றின்மேல் பூசை வார்த்தைகளை ஏற்றிவைத்திருக்கிறார். அதனால்தான் அந்தத் துள்ளல். அவற்றில் ஒரு மெட்டு, கன்னிப்பெண் ஒருத்தியைப் பற்றியது, கடல் தாண்டிக் கனடாவுக்கும் போயிருக்கிறது. ழான் தெ பிரெபேஃப் என்ற சேசுசபைச் சாமியார் 1642 வாக்கில் அங்குள்ள பூர்வகுடியான ஹூரோன் மக்களின் சொந்த மொழியில் அதே மெட்டுக்குக் கிறிஸ்மஸ் பாட்டு எழுதினார். இன்றைக்கும் பாடுகிறார்கள். நம் வீரமாமுனிவரும் அதே சபைதான், அவர் வந்தது அடுத்த நூற்றாண்டில். பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது இவை.

இந்த வரிசையில்தான் குளோத் பல்பாஸ்த்ர் என்ற ஆர்கன்காரர் வந்தார். பாரீஸில் சேன் ரொக் கோயிலில் வாசித்தவர். நடுச்சாமப் பூசையில் இந்த நாட்டு மெட்டுகளை எடுத்து விரித்து விரித்து வாசிப்பாராம். கேட்க ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு வந்திருக்கிறது. 1762-இல் பாரீஸ் பேராயர் அவரைக் கூப்பிட்டு, நடுச்சாமப் பூசையில் இனிமேல் வாசிக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்.

இதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். காரணத்தை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவே பொய்யாகிவிடும்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் பங்கில் கிறிஸ்மஸ் இரவுப் பூசைக்கு முன்னால் குடிலில் பாலனைக் கிடத்தும்போது, இளைஞர்கள் சில பேர் ஒரு புதுப்பாட்டு பாடினார்கள். அவர்களே கட்டிய பாட்டு. மூன்று பறை, ஒரு சலங்கை. பாகூர் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிறவனுக்கு வானதூதர் வந்து சேதி சொல்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். அடி விழுந்ததும் பின்வரிசையில் இருந்த குழந்தைகள் எல்லாம் பெஞ்சுமேல் ஏறி நின்றுவிட்டன.

பண்டிகை முடிந்த வாரமே பெரியவர்கள் சில பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். பெட்டிஷன் எழுத வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் என்னிடம்தான் வருவார்கள். பென்ஷன், பட்டா, ரேஷன் கார்டு, எது என்றாலும் நான் எழுதிக் கொடுத்தால் வேலை நடக்கும் என்று ஒரு பெயர். அன்றைக்குப் பங்குச் சாமியாருக்கு எழுதினேன். வழிபாட்டின் மாண்பு, ஆண்டாண்டு கால மரபு, பக்திக்கு ஏற்பட்ட இடையூறு என்று இரண்டு பக்கம். பறை என்ற சொல்லை ஓரிடத்திலும் எழுதவில்லை. 'பொருத்தமற்ற தோல் கருவிகள்' என்று எழுதினேன். அந்த வார்த்தையை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பதினேழு பேர் கையெழுத்து. என்னுடையது பதினான்காவது, எழுதுகிறவன் முதலில் கையெழுத்துப் போட மாட்டான்.

அதே கோயிலில் மிருதங்கம் வாசிக்கிறார்கள். அதுவும் தோல்தான். அதை யாரும் இடையூறு என்று சொன்னதில்லை, 'பண்பாட்டுமயமாதல்' என்று பாராட்டினோம். அந்தப் பையன்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பது பதினேழு பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காகிதத்தில் எழுதாத காரணம் அதுதான்.

அடுத்த கிறிஸ்மஸுக்குப் பறை இல்லை. அந்த டிசம்பரில் கரோல் பாட அவர்கள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. என் மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "ஏம்பா இந்த வருஷம் அவங்க வரல?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

பாரீஸ் பேராயரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? அவராவது தன் பெயரில் தடை போட்டார்.

அந்தப் பாட்டைக் கட்டிய பையன் இப்போது நாற்பது தாண்டியவர், மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறார். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு சாயங்காலம் போனேன். பெரிய பெரிய பெட்டிகளுக்கு நடுவில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அந்த ஆட்டுக்காரன் பாட்டு, அது எங்கயாவது பதிவு பண்ணி வெச்சிருக்கீங்களா தம்பி?"

"அதா ஐயா? அது எழுதிக்கூட வெக்கல. அப்பல்லாம் போன் ஏது? ரெண்டு தடவதான் பாடினோம்."

"அந்தப் பெட்டிஷன் எழுதினது நான்தான்."

"தெரியும் ஐயா," என்றார். ஒயரைச் சுருட்டி முடித்து ஆணியில் மாட்டினார். "சாமியார் எங்களைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினாரு. நல்ல தமிழ்."

அதற்கு மேல் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டாரா என்று கேட்டால், டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம். கிளம்பும்போது, "எதுக்கு ஐயா கேட்டீங்க?" என்றார். பேரன் வருகிற விஷயத்தையும் மகள் கேட்ட புதுப்பாட்டையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு ஸ்பீக்கர் பெட்டியின் மரப்பக்கத்தில் விரலால் தட்டிக்கொண்டு மெதுவாக எடுத்தார். நடுவில் ஒரு அடி மறந்துவிட்டது, உள்ளேயிருந்து அவர் மனைவி எடுத்துக் கொடுத்தார். என் போனில் பதிவு செய்துகொண்டேன். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் வருகிறது, யாரோ ஜெனரேட்டருக்கு விலை கேட்கிறார்கள். இருக்கட்டும்.

நம்மைப் போன்ற வயதானவர்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது: இந்தக் காலத்தில் நல்ல கிறிஸ்மஸ் பாட்டே வருவதில்லை, எல்லாம் சத்தம். நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு இப்போது தோன்றுவது, வந்துகொண்டுதான் இருக்கிறது, நாம் வாசலில் நிறுத்திவிடுகிறோம் என்பது. நம் கோயிலில் மட்டுமா? தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்து தொண்ணூறு வருஷம் வாழ்ந்தவர். பெத்லகேமையே குறவஞ்சியாகப் பாடி, குறத்தியையும் சிங்கனையும் அதில் நடமாடவிட்டார். இவ்வளவு பெரிய சொத்து பக்கத்தில் இருந்தும் நாங்கள் சின்ன வயதில் அதைக் கேட்டதே இல்லை. காரணம், அவர் புராட்டஸ்டன்ட். 'பதிதர் பாட்டு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். இப்போது அந்தச் சொல்லை எழுதவே கூசுகிறது. இந்த வாரம்தான் அவருடைய கீர்த்தனைகள் சிலவற்றை உட்கார்ந்து கேட்டேன். எழுபது வயதுக்கு மேல் எனக்கு அவை புத்தம் புதுப்பாட்டு.

பட்டியல் கேட்பவர்களுக்கு: குளோரியா பாட்டு, சார்பாந்தியேயின் கீரியே, ஹூரோன் பாட்டு, பல்பாஸ்த்ர் வாசிக்கக் கூடாது என்றார்களே அந்த ரக ஆர்கன் மெட்டுகள் இரண்டு, சாஸ்திரியார் இரண்டு, 'மினுயி கிரெத்தியேன்', அம்மாவுக்காக தினோ ரொஸ்ஸி, கடைசியில் பாகூர் ஆட்டுக்காரன். மொத்தம் பத்து. இரவுச் சாப்பாடு முடிந்து விவிக்கம் கேக் வெட்டுகிறவரைக்கும் போதும்.

மனைவிக்கு எல்லாவற்றையும் ஒரு தடவை போட்டுக் காட்டினேன். ஆட்டுக்காரன் பாட்டு வந்தபோது, "இது நம்ம கோயில்ல பாடினது இல்ல? அப்புறம் ஏன் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டாள். நான் அவளிடமும் இதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அத கடைசில வெக்காதீங்க, அதுக்குள்ள புள்ள தூங்கிடுவான். முதல்ல போடுங்க" என்றாள்.

முதலில் போட்டிருக்கிறேன். பதினொன்றாவதாக ஒரு போனி எம்-மும் சேர்த்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்.